நான்காவது தாள்

சேலம் ஆஸ்பத்திரியில் ஜோசப் ராஜுக்கு மூன்று குழாய் ரத்தம்தான் எடுத்தார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த மனைவி மோனிஷா எண்ணியிருந்தாள். ஆனால் முடிவுகள் நான்கு தாள்களாக வந்தன.

அவர் கண்கள் மஞ்சளாகி ஒரு மாதமாகியிருந்தது. ஸ்கேனில் பித்தநாளம் சுருங்கித் தெரிந்தது. புற்றுநோய்தான் என்று திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். நான்காவது தாளைப் படித்த டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த டெஸ்ட்டை நான் எழுதவே இல்லையேம்மா. ஆனா நல்லவேளை வந்துச்சு. புற்றுநோய் மாதிரியே தெரியற வேற வியாதி ஒண்ணு இருக்கு. இது அதுவா இருக்கலாம்."

துளி சதை எடுத்துப் பார்த்ததில் அதுவே உறுதியானது. ஆபரேஷன் நின்றது. மாத்திரையிலேயே மஞ்சள் இறங்கியது.

அந்தத் தாளில் ரத்தம் எடுத்த நேரம் காலை 6.10 என்றிருந்தது. அப்போது அவர்கள் தர்மபுரியிலிருந்து சேலம் வரும் பஸ்ஸில், தொப்பூர் கணவாயில் இருந்தார்கள்.

"எனக்கே தெரியாம யாரு எடுத்தது?"

"கொசுவா இருக்கும். கம்முனு மாத்திரையப் போடுங்க."

இப்போதும் மாதாமாதம் அதே பஸ்ஸில் டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். எவ்வளவு கூட்டமானாலும் ஜோசப் ராஜின் இடப்பக்க இருக்கை காலியாகவே இருக்கிறது. தொப்பூர் வந்ததும், தூங்கும் அவருடைய இடக்கை அந்தப் பக்கம் நீண்டு, விரல்களை இறுக மூடிக்கொள்கிறது. சற்று நேரத்தில் விரல்கள் விரிகின்றன, பஞ்சை அழுத்திப் பிடிப்பதுபோல் முழங்கை மடங்குகிறது.

மோனிஷா அவரை எழுப்புவதில்லை. காலி இருக்கையைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க" என்கிறாள்.