ஜன்னலுக்கு வந்த மேசை

வீட்டு வரி கேட்டு வரும் சோலைவரிக்காரர் வாசலில் நிற்கிறார். கண்டதுதான் தாமதம், இருளாயியும் மகள் ஷாமிளாவும் ஆளுக்கொரு பக்கமாக மேசையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் இறங்குகிறார்கள். ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டுக் குருவிட்ட டவுனில் இந்தச் சின்ன வீட்டுக்கு வந்த நாளாய் இதே ஓட்டந்தான். வரி பாக்கிக்குச் சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களென்ற பயத்தில், மகள் படிக்கிற மேசையை ரோட்டுக்குத் தெரியாமல் அடுப்படி இருட்டிலேயே ஒளித்து வைத்திருக்கிறாள் இருளாயி. வந்தவர் வீட்டைச் சுற்றி வந்து, மேசையும் கையுமாக நிற்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார். சின்ன வீடுகளுக்கு வரியைப் பாதியாகக் குறைத்தாயிற்று, கட்டியதே போதும், இனிப் பாக்கியில்லை என்று சிங்களத்தில் சொல்லி, அதை எழுதிய துண்டுச் சீட்டை மேசைமேலேயே வைக்கிறார். “மெய்யாவா மாத்தயா?” இருளாயி சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். மேசை இப்போது முன்னறை ஜன்னலோரம். மழை விட்ட வெயில் அதன்மேல் சாய்ந்து விழுகிறது. மரத்தின் ரேகைகள்கூட ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. ஷாமிளா சயன்ஸ் புத்தகத்தை விரிக்கிறாள். ரப்பர்ப்பால் காய்ந்த விரலால் பக்கத்தைத் தடவும் இருளாயி, எறும்புக் கூட்டம்போல நெருங்கிக் கிடக்கும் எழுத்துகளை வாய் பிளந்து பார்க்கிறாள். “ஏம்புள்ள, இம்புட்டுப் பொடி எழுத்தையா இத்தன நாளும் இருட்டுல படிச்ச?”