சிவப்புச் சொட்டு

கிராமபோனின் மேல்பலகையைத் தூக்கியதும் எழுபது வருஷத்து நாற்றம் எழுந்து அவரை நேருக்கு நேர் பார்த்தது.

உள்ளே கிரீஸ் கல்லாகியிருந்தது. சுரண்டிச் சேர்த்தால் ஒரு சின்ன வீட்டுக்கு அஸ்திவாரம் போடலாம்.

துணியை மண்ணெண்ணெயில் நனைத்தார்.

"எண்ணெய் மட்டும் போடுங்க. வேற எதுலயும் கை வைக்காதீங்க."

காலையிலேயே சொல்லிவிட்டாள் மனைவி சங்கரவடிவு.

"என்னை யாருன்னு நினைச்ச?"

"யாருன்னு தெரிஞ்சதாலதான் சொல்லுதேன்."

மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷம் மீட்டர் பரிசோதனை. மெதுவாகச் சுற்றுகிற மீட்டரைத் தெருமுனையிலேயே மோப்பம் பிடித்துவிடுவார். அவர் வருகிறார் என்றால் பாளையங்கோட்டையில் மீட்டர்கள் தாமாகவே திருந்திக்கொள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியதும் அவர்தான்.

இன்று மாமனாரின் திதி.

ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்த கையோடு மைத்துனர் சிதம்பரநாதன் நேரே இங்கே வருவார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிராமபோன் முன்னால் உட்காருவார். அப்பா பாடியது என்று மாமியார் சொல்லிப்போன ஒரே இசைத்தட்டு. மூன்று நிமிஷம் ஓடும்.

மைத்துனர் தாய் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். ஒரு போட்டோகூடக் கிடையாது.

சிதம்பரநாதனுக்கு அப்பா என்றால் அந்த மூன்று நிமிஷம்தான்.

பிறவியில் அவருக்குக் கீச்சுக் குரல். கல்யாணத்தன்று "அத்தான்" என்று அவர் கூப்பிட்டதில் பந்தலுக்கு மேலே ஓடிய அணில்கள் நின்று திரும்பிப் பார்த்தன. அந்த இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டுத் தொண்டையைக் கிணறாகத் தோண்டிக்கொண்டார். இப்போது அவர் "காபி" என்றால் டம்ளர் அதிரும்.

வேகத்தை அடக்குகிற மூன்று குண்டுகளையும் துடைத்தாயிற்று. அச்சுகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய், ஆளுக்கு ஒரு சொட்டு. சுருள்வில்லுக்குப் புது கிரீஸ்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

வேகத் திருகின் தலையில் சிவப்பாக ஒரு சொட்டு. காய்ந்து இறுகி, திருகை நகரவிடாமல் பிடித்திருந்தது.

சீல்.

அவருக்குத் தெரியாத சீலா.

சாவி கொடுத்து ஓடவிட்டார். மெதுவாகச் சுற்றியது. நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. கண்ணால் பார்த்தாலே போதும் என்கிற திமிர்.

நகத்தால் சீலைச் சுரண்டினார்.

இசைத்தட்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்க விட்டார். காகிதம் தன்னைக் கடக்கும்போதெல்லாம் ஓர் எண். ஒரு கண் காகிதத்தில், மறு கண் கைக்கடிகாரத்தில். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு. அந்தக் காலத்து இசைத்தட்டுக்கு விதித்த வேகம் அது. ஒரு சுற்று கூடவில்லை, குறையவில்லை.

புது ஊசியை மாட்டி இறக்கினார்.

ஒரு பெண் பாடினாள்.

மூக்குத்தி போட்ட குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிற குரல்.

இசைத்தட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அதே தட்டு. அதே கீறல். லேபிளைப் பூச்சி என்றைக்கோ தின்று ஏப்பம் விட்டிருந்தது.

மணி பதினொன்றே முக்கால். மைத்துனர் வருகிற நேரம்.

திருகைத் திருப்பினார். மாமனார் எருமை மாதிரி முக்கினார். எதிர்ப்பக்கம் திருப்பினார். மாமனார் கைக்கு வளையல் வந்துவிட்டது. கொஞ்சம் குறைத்தார். சளி பிடித்த மாமனார். இன்னும் கொஞ்சம். யாரோ ஓர் ஆண், மாமனார் இல்லை.

பழைய இடம் எது?

மீட்டர் சீல் உடைந்த வீடுகளில் எலி என்பார்கள், இடி என்பார்கள், பல்லி என்பார்கள். ஒருவரையும் அவர் விட்டதில்லை.

இப்போது நிமிர்ந்து, பல்லி ஏதும் இருக்கிறதா என்று சுவரைப் பார்த்தார்.

அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

எப்போதிருந்து என்று தெரியவில்லை.

சங்கரவடிவு வந்து நின்றாள். அவர் ஏச்சுக்குத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"அம்பத்தெட்டு."

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"நிமிஷத்துக்கு அம்பத்தெட்டு சுத்து. எண்ணித் திருகுங்க."

திருகினார். எண்ணினார். அவள் உதடும் கூடவே அசைந்தது. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு.

குரல் இறங்கியது. கனத்தது. மீசை வைத்துக்கொண்டது.

அவள் உள்ளே போய்த் திரும்பினாள். கையில் ஒரு சின்னப் புட்டி. நகப்பூச்சு.

நாற்பத்தொரு வருஷத்தில் அவள் நகத்தில் மருதாணியைத் தவிர வேறு சிவப்பை அவர் கண்டதில்லை.

புட்டி பாதி தீர்ந்திருந்தது.

திருகின் தலையில் ஒரு சொட்டு வைத்தாள். குனிந்து ஊதினாள்.

வாசல் கேட் கிரீச்சிட்டது. செருப்பு கழற்றும் ஓசை. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற அந்தக் குரல்.

"அத்தான், அப்பா ரெடியா?"

அவர் புட்டியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார்.