மூன்றாவது குப்பி

குப்பியைக் குலுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

துகள்கள்.

பால் திரிந்ததுபோல் மிதந்தன. பிறகு மெல்ல இறங்கி அடியில் போய் உட்கார்ந்தன.

மறுபடி குலுக்கினாள். மறுபடியும் உட்கார்ந்தன.

இருபது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தடுப்பு மருந்து ஒருமுறை உறைந்து, உருகியிருக்கிறது. இனி அதைப் போடுவதும் ஒன்று, போடாததும் ஒன்று.

வெளியே பெஞ்சில் பத்துக் கர்ப்பிணிகள். காய்ச்சல் ஊருக்குள் வந்த இரண்டு மாதத்தில் அவர்களைப் போன்ற நான்கு பேர் போய்விட்டார்கள். இந்தக் குப்பிக்காகத்தான் வெயில் ஏறுவதற்கு முன்பே வந்து இடம்பிடித்திருந்தார்கள்.

எப்படி உறைந்தது?

ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. நான்கு டிகிரி.

அப்போதுதான் அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது.

தாலுகா ஆஸ்பத்திரியில் மூன்று குப்பிகள் கொடுத்த நாள். மொத்த ஊருக்கும் முப்பது பேருக்கான மருந்து.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பையை உடனே மருந்துப் பெட்டியில் வைக்கக் கூடாது. அரை மணி நேரம் வெளியே கிடக்க வேண்டும். மேலெல்லாம் வியர்க்க வேண்டும். காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும்.

அன்றைக்கு ஊரிலிருந்து போன் மேல் போன். ஜனம் கேட்டை உலுக்குகிறது, சீக்கிரம் வாங்க.

அவள் காத்திருக்கவில்லை. கல்லாக இருந்த ஐஸை அடுக்கி, நடுவில் குப்பிகளைச் செருகி, மூடியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். வந்து கூட்டத்தை அடக்கி ஊசியைக் கையில் எடுக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க அன்று யாருக்கு நேரம் இருந்தது?

மூன்றும் ஒரே பெட்டியில்தான் வந்தன.

கர்ப்பிணிகளுக்கும் போடலாம் என்ற உத்தரவு நேற்றுத்தான் வந்ததால் ஒன்று ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. மற்ற இரண்டை அன்றே போட்டுவிட்டாள். இருபது பேருக்கு.

காய்ச்சல் கண்ட வீடுகளுக்குப் போய் நோயாளிகளை வண்டியேற்றுகிற துப்புரவுப் பணியாளர்கள். ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தாள்: மருந்து வேலை செய்யப் பதினைந்து நாள் ஆகும். அதுவரை யார் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது.

சொன்னபடி கேட்டார்கள். நாளை எண்ணினார்கள்.

மூன்று நாளாக உள்ளே போகிறார்கள்.

கைதவறி உடைந்துவிட்டது என்று சொன்னால் போதும். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. குப்பி சிமெண்டுத் தரைக்கு மேலே, அவளுடைய இரண்டு விரல்களுக்கு நடுவில், கொஞ்ச நேரம் நின்றது.

மேசையில் வைத்தாள்.

வெளியே வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்று சொன்னாள். மருந்து கெட்டுவிட்டது. கெடுத்தது நான்தான்.

யாராவது திட்டுவார்கள் என்று நினைத்தாள். யாரும் திட்டவில்லை. ஒருத்தி மட்டும் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“அடுத்து எப்ப வரும் சிஸ்டர்?”

தெரியாது என்பதைத் தலையசைத்துச் சொல்லிவிட்டு நடந்தாள். பிறகு நடை ஓட்டமானது.

தெருமுனையில் வண்டி நின்றிருந்தது. அதற்குமேல் உள்ளே வர வழியில்லை. சந்துக்குள்ளிருந்து மாசானம் வந்துகொண்டிருந்தான். இரண்டு கைகளிலும் ஒரு பெண்ணை ஏந்தியிருந்தான். தையல்கார முத்தம்மாள். அவள் முகம் அவன் கழுத்தில் சாய்ந்திருந்தது. இருமும்போதெல்லாம் அவன் சட்டைக் காலர் அசைந்தது.

மாஸ்க் அவனுடைய தாடைக்குக் கீழே தொங்கியது.

“மாஸ்க்க மேல ஏத்து மாசானம்.”

“இவங்களுக்குக் காது கேக்காதுல்லா எக்கா. வாயப் பாத்தாத்தான் நான் சொல்லுதது புரியும்.” சிரித்தான். “எனக்கென்ன, நீங்கதான் ஊசி போட்டுட்டீங்கல்லா.”

அவள் சொன்னாள். அரை மணி நேரத்தைச் சொன்னாள். ஐஸைச் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை.

அவன் சிரிப்பு முகத்திலிருந்து உடனே இறங்கவில்லை. எங்கே இறக்குவது என்று தெரியாததுபோல் அங்கேயே நின்றது.

முத்தம்மாள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் கைகள் தன்னை விட்டுவிடுமோ என்று நினைத்தாளோ என்னவோ, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

அவன் விடவில்லை. முகத்தை மட்டும் மெல்ல மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

“கூட வந்த கொம்பையாவுக்குத் தெரியுமா?”

“இல்ல. உன்கிட்டதான் முதல்ல சொல்லுதேன்.”

“பின்னால நீலக் கதவு வீட்ல நிக்கான். வெரசா போங்க.”

மூச்சை அடக்கிக்கொண்டு அவன் வண்டியை நோக்கி நடந்தான்.

அவளும் ஓடினாள். நீலக் கதவு பாதி திறந்திருந்தது. தாயும் மகளும் மட்டும் இருக்கிற வீடு. இரண்டு பேருக்கும் காய்ச்சல் என்று நேற்றுத்தான் அவள் கையாலேயே கதவில் தாள் ஒட்டியிருந்தாள்.

“கொம்பையா!”

உள்ளே எதுவோ நகரும் சத்தம்.

“கொம்பையா, வெளிய வாப்பா.”

பதிலுக்கு ஓர் இருமல் கேட்டது.

ஆண் இருமல்.