பத்துக்கு ஒன்பது

பத்து வாக்கியத்தில் ஒன்றே ஒன்றுதான் தப்பு. டீச்சர் சிவப்புப் பேனாவால் அதை வட்டமிட்டு, கணவனின் காதைத் திருகினாள்.

"'வெயிட்'டுக்கு அப்புறம் 'ஃபார்' வரணும்னு எத்தனை தடவை சொல்றது? ரயிலுக்குக் காத்திருந்தாலும் அதான், ஆளுக்குக் காத்திருந்தாலும் அதான்."

"பழக்கத்துல வந்துடும், விடு."

அவன் மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளன். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தால்தான் அடுத்த பதவியாம். நாலு மாதமாக மாலை வகுப்புக்குப் போகிறான். வீட்டுப்பாடத்தைத் திருத்துவது அவள் வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே 'சிவப்பு மை'.

பதினோரு வருடக் குடித்தனத்தில் அவன் தினமும் அவள் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தது இந்த நாலு மாதத்தில்தான். அதற்கு முன்பெல்லாம் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வாங்கியதும் டிவி பக்கம் திரும்பிவிடுகிற ஆள். இந்த நோட்டு தீரவே கூடாது என்று அவள் உள்ளுக்குள் ஆசைப்பட்டாள்.

ஏழாவது வாக்கியத்தில் பேனா நின்றது.

"என் மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள்னு எழுதியிருக்கீங்க. உயிரோட இருக்கும்போதே எனக்குப் பாடை கட்டியாச்சா?"

"புத்தகத்துல இருந்துச்சு, எழுதினேன். 'டை'க்கு அப்புறம் என்ன வரும்னு கேட்டிருந்தாங்க."

"'ஆஃப்' வரும். சரியாத்தான் போட்டிருக்கீங்க."

சிரித்துக்கொண்டே டிக் அடித்தாள். கடைசியில் பத்துக்கு ஒன்பது போட்டு, தேதியும் எழுதினாள்.

ஒரு வாரம் கழித்து, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவன் நோட்டை மேஜையிலேயே விட்டுவிட்டான். வகுப்புப் பக்கம் வராதே, கூடப் படிக்கிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள் என்று அவன் சொல்லியிருந்தது ஞாபகம்தான். ஆனால் வீட்டுப்பாடம் இல்லாமல் போய் நிற்கிறவன் பாடு என்னவென்று அவளைவிட யாருக்குத் தெரியும்? மனசு கேட்கவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரே ஒரு அறை, நாலு பெஞ்சு. அவன் இன்னும் வந்திருக்கவில்லை. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பாடம் நடத்துகிறவள்.

நீட்டிய நோட்டைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது.

"சிவப்பு மைல திருத்தறது நீங்கதானா?"

"ஆமா." டீச்சருக்குப் பெருமையை மறைக்கத் தெரியவில்லை.

"உட்காருங்க அக்கா. உங்களைக் கூட்டிட்டு வாங்கன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன். பாவம் மனுஷன், உங்களை விட்டா அவருக்கு யார் இருக்கா?"

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தாள். வீட்டில் ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத ஆள், வெளியே தன்னைப் பற்றி இவ்வளவு பேசியிருக்கிறானே. இத்தனை வருஷமும் இவனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று தன் மீதே கோபம் வந்தது.

"எப்படிப் படிக்கிறாரு?"

"நல்லாப் படிக்கிறாரு. வீட்டுப்பாடத்தை மட்டும் சொந்த வாழ்க்கையிலேருந்துதான் எழுதணும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன். அவர் எழுதினதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்ல. எவ்வளவு கஷ்டத்தை மனசுல வச்சிருக்காரு."

டீச்சர் நோட்டைப் போன வாரப் பக்கத்துக்குப் புரட்டினாள்; ஏழாவது வாக்கியத்தில் விரல் நின்றது.

அந்தப் பெண் அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தேய்த்தபடி வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க தம்பிக்கு என்னைக் கட்டிவைக்க உங்களுக்குச் சம்மதம்தானே, அக்கா?"