தலைகீழாகப் படுக்காத சட்டம்

சுவரும் கூரையும் சேரும் மூலையில் ஒட்டுவதற்காக, அக்கா தங்கையான இரண்டு பூவேலைச் சட்டங்கள், கோணம் வெட்டும் ரம்பத்திடம் வந்தன. பொருந்தாதது அடுப்புக்கு என்று தச்சர் சொல்லியிருந்தார்.

"தலைகீழாப் படுங்கம்மா. அப்பத்தான் வெட்டு சரியா விழும்," என்றது ரம்பம்.

தங்கைச் சட்டம் படுத்துக்கொண்டது.

"உச்சியில ஒக்காரப் போறவ நான். ரம்பமே, உன் முன்னால தலைகீழாவா?" என்ற அக்கா, நிமிர்ந்தே படுத்து வெட்டிக்கொண்டது.

மேலே வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி.

"இவளோட சேத்தா இப்படித்தான்," என்றது அக்கா.

தச்சர் அக்காவை இறக்கி மனைவியிடம் கொடுத்தார்.

"தாயி, பூவேலை வெளிய தெரியிற மாதிரி வையி," என்றது அது, அடுப்பு வாயில்.

அவளும் அப்படியே வைத்தாள். சோறு நன்றாக வெந்தது.