ரோஜாவும் ஒரு மீசையும்

"இன்னா நீலமேகம், கலரு மட்டும் ஷோக்கா கீது. வாசனையே இல்லியே?"

டில்லிபாபு மொட்டைமாடித் தொட்டியில் பூத்திருந்த ரோஜாவிலிருந்து மூக்கை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். நீலமேகத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இருவரும் காசிமேட்டில் ஓர் ஐஸ் பேக்டரியில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், திருவொற்றியூரில் அந்த ஆளுக்கு மறுபடி டீ கிடைக்காதபடி செய்திருப்பார் நீலமேகம். சொன்னது வம்புக்கென்றே பிறந்த டில்லிபாபு. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

அது சாதாரணச் செடி இல்லை. மாத்தூர் நர்சரியிலிருந்து மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தது. மொட்டில் கறுப்பாகத் தெரியும். விரிந்தால் உறைந்த ரத்தம் மாதிரி கருஞ்சிவப்பு. கடல் உப்புக்காற்றும் லாரிப் புகையும் இலையில் படியாமல் தினமும் துணி நனைத்துத் துடைத்தார். பேரப்பிள்ளைகளைக்கூட அவர் அப்படித் துடைத்ததில்லை. விற்றவர் சொன்ன வாசனைப் பெருமையை ஒரு சொல் குறையாமல் தெருவெல்லாம் ஒப்பித்தும் வைத்திருந்தார்.

"இன்னும் சரியா விரியலப்பா. ஞாயித்துக்கெழம வா. நீயே மோந்து, நீயே சொல்லு. அப்பவும் வாசனை இல்லன்னா, எங்கப்பன் காலத்துலேர்ந்து எங்க வூட்டு ஆம்பளைங்க வெச்சுகினு கீற இந்த மீசைய எட்த்துட்றேன்."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அடுத்த வாரம் தங்கை மகள் கல்யாணம். தாய்மாமனாக மேடை ஏற வேண்டும்.

டில்லிபாபு போனதும் நீலமேகம் பூவை முகர்ந்தார். சற்று நேரம் கழித்து மறுபடி முகர்ந்தார். சாப்பிட்டுவிட்டு வந்தும் முகர்ந்தார். முகம் தெளியவில்லை.

மருமகள் யசோதராவைக் கூப்பிட்டு "மணக்குதாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் குடும்பத் தலைவன் மருமகளிடம் போய்ச் சந்தேகம் கேட்பதா? மீசை போனாலும் பரவாயில்லை, அது மட்டும் முடியாது என்று தோன்றியது. கண்ணாடியில் மீசையைப் பார்த்தபோது, அது போவதும் முடியாது என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே, விளக்குப் போடாமல் சமையலறைக்குள் நுழைந்தார். எங்கள் குடும்பத்தில் திருட்டுத்தனமே கிடையாது என்று ஊருக்கு உபதேசம் செய்பவர், சொந்த வீட்டிலேயே பன்னீர் பாட்டிலைத் தடவி எடுத்துக்கொண்டு பூனைபோல மாடி ஏறினார். பூ, இலை, தண்டு, ஒன்றையும் விடாமல் தாராளமாகத் தெளித்தார்.

டில்லிபாபு வந்தபோது நீலமேகம் வெள்ளை வேட்டி கட்டி, மீசைக்கு எண்ணெய் தடவித் தயாராக நின்றார்.

அடுத்த வீட்டுப் பூனை தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. வாயில்லா ஜீவனுக்கே வாசனை தெரிகிறது என்று நீலமேகம் அதைச் சாட்சிக்கு இழுத்தார். எதிர்வீட்டுச் சிலுவையம்மாள் இவர்கள் பக்கம் பார்த்துவிட்டு ஜன்னலைப் படீரென்று சாத்தினார். பொறாமை என்று நீலமேகம் எண்ணிக்கொண்டார்.

முதலில் அவரே குனிந்தார். கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்து, "அடடா" என்றார். டில்லிபாபு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானும் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்து யோசித்துவிட்டு மீண்டும் முகர்ந்தார். நீலமேகத்தின் கை தன்னையறியாமல் மீசைக்குப் போனது.

"தப்பா சொல்லிட்டேன் மாமு," என்றார் டில்லிபாபு. "ஜவ்வாது கணக்கா கீது."

நீலமேகம் மீசையை முறுக்கினார். இந்தப் பேச்சைத் தெருவிலும் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சொல்வதாக டில்லிபாபு கையடித்துக் கொடுத்தார். பூனை தொட்டிமேல் ஏறி ஓர் இலையை நக்கத் தொடங்கியது.

அப்போது இரண்டு டம்ளர் டீயோடு யசோதரா மாடிக்கு வந்தாள். முந்தானை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தது. தொட்டிக்குப் பின்னால் காலியாகக் கிடந்த பாட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"மாமா, அந்தக் காலிப் பன்னீர் பாட்டில்ல கருவேப்பிலைச் செடிக்கு மீன் கழிவ ஊறப் போட்டிருந்தேன். அத்தப் போயி பூ மேல அடிச்சிட்டீங்களா? கீழ் வூடு வரிக்கும் கம்முனு மணந்துகினு இருந்த பூவு. இப்ப தெருவே நாறுது."

டீயைச் சுவர்மேல் வைத்துவிட்டு வேகமாக இறங்கிப் போனாள்.

நீலமேகம் டில்லிபாபுவைப் பார்த்தார். டில்லிபாபு நீலமேகத்தைப் பார்த்தார். இருவரும் டீயைத் தொடவில்லை.

டில்லிபாபு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பேக்டரில அமோனியா லீக்காச்சே, அன்னிக்கு மூக்கு செத்தது எனக்கு மட்டுந்தான்னு இத்தினி வருசமா நெனச்சுகினு கீறேன், மாமு."