பெயர் மட்டும் சொல்கிறவள்

"அந்தம்மா பேர இந்த வாரம் எழுதாதீங்க மேடம். சொல்லிட்டேன்."

வாசகர் வட்டத் தலைவர் வெங்கடேசன், மேசைமேல் இருந்த பேச்சாளர் பட்டியலை விரலால் தட்டினார். வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அதட்டல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

நூலகர் கோகிலவாணி பேனா மூடியைத் திருகிக்கொண்டே பட்டியலைப் பார்த்தாள்.

கள்ளக்குறிச்சியை ஒட்டிய அந்தச் சின்னக் கிளை நூலகத்தில் 'ஞாயிறு மேடை'யை ஆரம்பித்ததே அவள்தான். படித்த புத்தகத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் மைக்கில் ஐந்து நிமிடம் பேசலாம். முதல் மாதம் எட்டுப் பேர்தான் வந்தார்கள். இப்போது நாற்பது நாற்காலி போதவில்லை. கல்வராயன் மலையிலிருந்துகூட பஸ் பிடித்து வருகிறார்கள்.

அப்படி வந்து சேர்ந்தவள்தான் ஆனந்தமேரி. சித்தாள் வேலை செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து நேராக இங்கே வந்துவிடுவாள். ஒரு புத்தகத்தைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் பேசுவதற்கு முதல் ஆளாகப் பெயர் கொடுப்பாள்.

மேடை ஏறுவாள். மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"என் பேரு ஆனந்தமேரி. என் வூட்டுக்காரர் பேரு இன்னாசி..."

அவ்வளவுதான். உதடு துடிக்கும். மிச்ச நேரம் முழுக்கக் கூட்டத்தையே வெறித்துக்கொண்டு நிற்பாள். மணி அடித்ததும் இறங்கிவிடுவாள்.

முதல் வாரம் எல்லாரும் பாவம் என்றார்கள். இரண்டாவது வாரம் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாவது வாரம் பின்வரிசையிலிருந்து ஒருவன், "அடுத்த வாரம் மாமனார் பேரச் சொல்லும்மா!" என்று குரல் கொடுக்க, கூடமே குலுங்கியது. கோகிலவாணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பீரோ பக்கம் திரும்பி நின்று சமாளித்தாள்.

இன்றைக்கு ஆறாவது வாரம்.

"கடைசியில குடுக்கற சுண்டலுக்கு வருதுன்னு நெனச்சேன். அதையும் வாங்கறதில்ல," என்றார் வெங்கடேசன். "இன்னிக்கு மலைமேல இருந்து டீச்சருங்க வராங்க. பத்திரிகைக்காரங்க வராங்க. இந்தம்மா பேர சொல்லிக்கினு நின்னா நம்ம மானம் இன்னாவறது?"

அவர் சொல்வது கோகிலவாணிக்கும் நியாயமாகத்தான் பட்டது. வாசலுக்குப் போனாள்.

ஆனந்தமேரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி. நீங்க வேற ஒரு நாள் பேசறீங்களா?"

"இல்லம்மா. இன்னிக்கே பேசணும்."

"பேசறதுன்னா புத்தகம் பத்திப் பேசணுங்க்கா. எதுனா படிச்சீங்களா?"

"எனக்குப் படிக்க வராதும்மா."

"அப்புறம் எதுக்குக்கா வாராவாரம் வந்து... எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கே சங்கடமாக்கீது."

ஆனந்தமேரி நிமிர்ந்து பார்த்தாள். "யாரு வேணா பேசலாம்னு போர்டுல எழுதிக்கீதாமே. அத நம்பித்தான் வந்தேன். இன்னிக்கு ஒரு நாள் வுடும்மா. இனிமே வரமாட்டேன்."

அந்த போர்டை எழுதியது கோகிலவாணி. உள்ளே வந்து பட்டியலில் முதல் பெயராக ஆனந்தமேரியை எழுதினாள். வெங்கடேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மணியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் ஆரம்பித்தது. ஆனந்தமேரி மேடை ஏறியதுமே பின்வரிசை தயாராகிவிட்டது.

"என் பேரு ஆனந்தமேரி..."

"தெரியும், தெரியும்! மேல சொல்லு!"

சிரிப்பு. கைதட்டல். யாரோ விசில் அடித்தார்கள். வந்திருந்த டீச்சர்கள் ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தார்கள். கோகிலவாணி எழுந்துவிட்டாள்.

"கொஞ்சம் அமைதியா இருங்க!"

"அவங்கள தடுக்காதம்மா," என்றாள் ஆனந்தமேரி மைக்கிலேயே. "சிரிக்கட்டும்."

உதடு இன்றைக்கும் துடிக்கத்தான் செய்தது. ஆனால் பார்வை அசையவில்லை.

"என் பேரு ஆனந்தமேரி. என் வூட்டுக்காரர் பேரு இன்னாசி. அவருக்கு விஷச் சாராயம் வித்தவன் யாருன்னு எனக்குத் தெரியும். பாக்கெட்ட அவன் கையால குடுத்தத நான் பாத்தேன். வெடியக்காலம் ஆறு மணி. பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறதுக்குள்ள என் வூட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாம போச்சு. மறுநாளு உசுரு போச்சு."

சிரிப்பு அடங்கிவிட்டது. விசில் அடித்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடிப்பதற்குள் ஐந்து நிமிடம் தாண்டியிருந்தது. வெங்கடேசன் மணியைத் தொடவில்லை. மெல்ல எழுந்து நின்றார்.

"இத... இத கோர்ட்டுல சொல்லணும்மா. இங்க வந்து எதுக்குச் சொல்றே?"

"கோர்ட்டுக்குப் போனேன் சார். ரெண்டு மாசம் ஆச்சு. கூண்டுல ஏத்தினாங்க. எதிர்ல அவன் நின்னான். அவன் ஆளுங்க வரிசையா உக்காந்துக்கினு என்னப் பாத்துச் சிரிச்சாங்க. என் பேரும் வூட்டுக்காரர் பேரும் சொன்னேன். அதுக்கு மேல வாய் வரல. ஜட்ஜ் ஐயா நாளைக்கு மறுபடியும் வரச் சொல்லிக்கீறாரு."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சிரிக்கிறவங்க எதிர்ல நின்னு பேசிப் பழகணும் சார். அதுக்கு எனக்கு இத வுட்டா வேற எடம் தெரியல."